பெரட்டுக்களத்தில் ஐந்து தோணிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தரை எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி பெரட்டுக்களத்தில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. வேலை நாட்களில் தோட்டத்து ஆட்கள் விடியலில் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் திடல் அது. அன்று ஆட்கள் இல்லை. தரையில் சுண்ணாம்புத் தூளால் வரைந்த ஐந்து தோணிகள் கிடந்தன.

ஒவ்வொன்றும் பதினாறு அடி நீளம்; நடுவில் மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். அளவு நாடாவைப் பிடித்தது நான். விளையாட்டுப் போட்டிக்கு ஓடுபாதை போட வாங்கி மிஞ்சிய சுண்ணாம்பைத் தூவியது எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் டேவிட் சேர். இரண்டு முனையும் கூம்பி, வயிறு பருத்து, வெற்றிலையை நீளவாக்கில் இழுத்துவிட்டதுபோல அவை இருந்தன.

நான்கு தோணிகளுக்குள் இருவர் இருவராக எட்டுப் பிள்ளைகள், கொழுந்துச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பையன்கள், நான்கு பெண் பிள்ளைகள். எல்லாருக்கும் பதினாறு வயதுதான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர்கள். கையில் துடுப்புக்குப் பதிலாக விளக்குமாற்றுக் கம்பு.

“இழு,” என்றார் டேவிட் சேர். எட்டுக் கம்புகள் ஒன்றாகப் பின்னால் போயின. “எடு.”

“சேர், முன்னுக்குப் பாறை வருது,” என்றான் கிஷோர். எந்த இடத்திலும் வாய் சும்மா இருக்காத பையன்.

“எங்க பாறை?”

“நாய் ஒண்ணு படுத்திருக்கு சேர்.”

நாயைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதாவது, இருந்த இடத்திலேயே இடது பக்கம் மட்டும் வலித்தார்கள். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

கீழிருந்து காற்று ஏறியது. பனி அவர்களின் முழங்கால் உயரத்தில் மெல்ல நகர்ந்தது. அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. பனி பின்னால் போகப் போக, தோணிகள் முன்னால் போவதுபோலத் தெரிந்தது. கிஷோர்கூடப் பாறையை மறந்து வலித்தான். கம்புகள் மட்டும் போய் வந்தன.

ஐந்தாவது தோணியில் டேவிட் சேர் பின் இருக்கையில் இருந்தார். முன் இருக்கையில் மடித்த சாக்கு மட்டும் இருந்தது. நான் கோட்டுக்கு வெளியே, நாடாவைச் சுருட்டியபடி நின்றேன்.

அன்றைய நாட்குறிப்பில் இரண்டே வாக்கியம்தான் எழுதியிருக்கிறேன்: பனி அதிகம். ஓர் இடம் காலி.

குளிரா, சுடுமா

எங்கள் தோட்டம் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு மேலே, மலையின் இடுப்பில் இருக்கிறது. லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நின்றாலே தண்ணீர் தெரியும். காலையில் வெள்ளி, மத்தியானத்தில் தகரம், மழைக்கு முன் மை. பார்க்கக் கைக்கு எட்டுவதுபோல இருக்கும். போய்ச் சேருவது வேறு விஷயம். பஸ்ஸில் மலையைச் சுற்றிச் சுற்றி இறங்க ஒரு காலை முழுவதும் போய்விடும். அப்படி மினக்கெட்டுப் போக யாருக்கும் அங்கே வேலை இல்லை. தண்ணீர் அங்கே இருந்தது. நாங்கள் இங்கே இருந்தோம்.

நான் புவியியல் ஆசிரியை. ஒரு நாள் கரும்பலகையில் அந்த நீர்த்தேக்கத்தைக் கீறி, அணைக்கட்டு, வந்து சேரும் ஓயா ஆறுகள், நீரின் ஆழம் எல்லாம் குறித்தேன். பின்வரிசை வாங்கிலிருந்து தர்ஷினி எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. கேள்வி கேட்டால் தன் கேள்விக்குத் தானே வெட்கப்படுவாள்.

“டீச்சர், அந்தத் தண்ணி குளிரா இருக்குமா, சுடுமா?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, சோக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குப் பதில் தெரியவில்லை என்பதைக் கவனித்தேன். இருபது வருடங்களுக்கு மேலாக அதன் படத்தைக் கீறிக் காட்டியிருக்கிறேன். ஒரு விரலைக்கூட அதில் நனைத்ததில்லை.

“தெனமும் பாக்குறோம் டீச்சர். ஒரு நாளாச்சும் தொட்டுப் பாக்கணும்,” என்றாள் தர்ஷினி, உட்காருவதற்கு முன்.

இதை ஆசிரியர் அறையில் சொன்னேன். டேவிட் சேர் கிழக்குக் கரைப் பக்கம் ஆசிரியர் கலாசாலையில் படித்தவர், நன்றாக நீந்துவார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் மேசையில் விரலால் ஒரு பாதை கீறத் தொடங்கியிருந்தார். நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி கைபோல நீண்டு காட்டுக்குள் போகும். அந்தக் கரைகளுக்கு வண்டிப் பாதை கிடையாது. தோணியில் போய், இரண்டு இரவு கரையில் கூடாரமடித்துத் தங்கி, மூன்றாம் நாள் திரும்பலாம். வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா வரும் வாரமாகப் பார்த்தால் விடுமுறையும் கிடைக்கும், நிலவும் கிடைக்கும்.

“பரீட்சை முடிஞ்ச புள்ளைங்க, டீச்சர். ரிசல்ட் வர்றதுக்குள்ள பாதிப் பேரு கொழும்புல கடையில நிப்பாங்க. அதுக்கு முன்னுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்.”

தேயிலை இல்லாத திட்டம்

திட்டம் போடும் வேலை என்னிடம் வந்தது. அது எனக்குப் பிடித்த வேலை. ஊரையும் ஆட்களையும் நாடா வைத்து அளந்துதான் எழுதுகிறேன் என்று, பத்திரிகையில் வரும் இந்தத் தொடரைப் பற்றி வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்துகொள்ளட்டும். அனுமதி வாங்கவேண்டிய அலுவலகங்களுக்கு நான் போனேன். கூடாரங்களை இரவல் வாங்கினேன். அட்டைக் கடிக்கு உப்பு முடிந்த துணி ஆளுக்கு இரண்டு என்று தைத்தேன். முதல் நாளுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும்; அடுத்த நாட்களுக்கு அரிசி, பருப்பு, நெத்தலிக் கருவாடு.

சாமான்கள் தண்ணீர் புகாத நீல நிறப் பீப்பாய்களில் போகவேண்டும். தோணிக்கு இவ்வளவுதான் பாரம் என்று கணக்கு உண்டு. அதனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், கங்காணியைக் கேட்டு, தராசில் ஒவ்வொரு பீப்பாயாகத் தூக்கி வைத்தோம்.

“ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கங்க டீச்சர்,” என்றான் கிஷோர். “எங்கம்மாவுக்குத் தெனமும் கழிக்கிறாங்க.”

கங்காணி அந்தப் பக்கம் திரும்பி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவர் தோள் சற்றுக் குலுங்கியது.

எல்லாம் நிறுத்து, மூடி இறுக்கி, பெருமையோடு நிமிர்ந்தபோது தர்ஷினி கேட்டாள்: “தேத்தண்ணிக்கு என்ன டீச்சர்?”

சீனி இருந்தது. தண்ணீர் கொதிக்கவைக்கக் கேத்தல் இருந்தது. தேயிலை இல்லை. பத்துப் பேர், பல நாள் யோசித்துப் போட்ட திட்டத்தில், தேயிலை யார் நினைவிலும் வரவில்லை. எங்களுக்கு அது கொண்டுபோகும் பொருள் அல்ல. கதவைத் திறந்தால் இருப்பது. தொழிற்சாலையின் வாசம் காற்றில் வந்துகொண்டிருக்க, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

விழும் தண்ணீர்

எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தண்ணீர் என்றால் விழுவது. பீலிக் குழாயில் கை மொத்தத்துக்கு வந்து தலையில் விழும், குளிப்போம். கூரையில் விழும், பானை வைப்போம். மலையிலிருந்து வெள்ளை நூலாக விழும்; வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடிப்பார்கள். விழுந்த தண்ணீர் எங்கே போய்ப் படுத்துக்கொள்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் பார்த்திருக்கிறேன். அந்த நீர்த்தேக்கம் நிரம்பிய காலத்தில் நான் சின்னப் பிள்ளை. பள்ளிவிட்டு வரும் வளைவில் நின்று பார்ப்போம். கீழே வயல்கள் இருந்தன. வயல்களுக்கு நடுவே ஒரு செம்மண் பாதை. தண்ணீர் சத்தமே போடாமல் வந்தது. ஒரு நாள் பாதையின் ஓரம் மினுங்கியது. இன்னொரு நாள் பாதை நேராகத் தண்ணீருக்குள் நடந்து போனது. அது எந்தப் பக்கம் வெளியே வரும் என்று நான் பல நாள் பார்த்தேன். வரவில்லை.

அதன் பிறகு கனவில் அந்தப் பாதை வரும். நான் அதில் நடப்பேன். தண்ணீர் கணுக்காலுக்கு வரும், முழங்காலுக்கு வரும். நான் பாதையைவிட்டு விலகாமல் நடப்பேன். பயமாகவும் இருக்காது. விழித்த பிறகுதான் பயம். வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய விகாரையின் தூண்கள் தலை காட்டும். எல்லாரும் பார்க்க ஓடுவார்கள். நான் போனதில்லை.

காலி இருக்கை

முன் இருக்கை எனக்காக இருக்கவில்லை. எங்கள் இளம் ஆசிரியை ஷாமினி பெண் பிள்ளைகளோடு போவதாக ஏற்பாடு. நடுவில் அவருக்குக் கந்தப்பளையில் மாப்பிள்ளை அமைந்து, அதே வாரத்தில் நிச்சயதார்த்தம் வைத்துவிட்டார்கள். பள்ளியில் வேறு ஆசிரியைகள் இருவர். ஒருவருக்குக் கைக்குழந்தை, மற்றவர் நான்.

செய்தி லயங்களுக்கு எங்களைவிட வேகமாகப் போனது. தர்ஷினியின் தாய் செல்வராணி கொழுந்தெடுப்பவர். தோட்டத்துப் பெண்கள் எதற்கும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு பின்னேரம் கூடையும் தலைக் கயிறுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்குத் துணியைக் காட்டி, படியிலேயே நின்றுகொண்டார்.

“டேவிட் சேர் நல்ல மனுஷன். அதுல கொறை சொல்லல டீச்சர்,” என்றார். “ஆனா மூணு நாளு காடு. ராத்திரில ஒரு பொம்பளப் புள்ளைக்கு வயித்து வலின்னா யாருகிட்டப் போயிச் சொல்லும்?”

“வேற ஆள் பாக்குறோம் செல்வராணி.”

“வேற ஆளு யாரு இருக்கா? நீங்க போனா நாலு புள்ளையும் போவட்டும். நீங்க போகலன்னா நாலும் வீட்டுல. நாங்க பேசிட்டோம்.”

வாசல் வேலிக்கு அப்பால் தர்ஷினி நின்றிருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அது மை நிறமாக இருந்தது.

“சரி, நான் போறேன்,” என்றேன். சொன்னது என் குரல்தான்.

“போறேன்னு சொன்னாப் பத்தாது டீச்சர். நீங்க தண்ணில எறங்குறத நான் பாக்கணும். நீங்களே பயந்துக்கிட்டு ஒக்காந்திருந்தா, எம்புள்ளய யாரு பாக்குறது?”

அவர் போன பிறகு வீட்டுக்காரர் உள்ளேயிருந்து சொன்னார்: “பாத்ரூம் தொட்டி நெறஞ்சாலே நீ என்னயத்தான் கூப்புடுவ பைப்ப மூட.”

“தெரியும்.”

“சும்மா ஞாபகப்படுத்துனேன்.”

மலைப் பக்கம்

போயாவுக்கு முந்திய ஞாயிறு, பயிற்சிக்குப் போனோம். செல்வராணியும் வந்தார். நல்ல சேலை கட்டி, குடையோடு, பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

தோணிகள் வைத்திருந்தவர் நுவன். முப்பது வயது இருக்கும். பிள்ளைகளோடு கொஞ்சம் தமிழிலும் எங்களோடு சிங்களத்திலும் பேசினார். எல்லாருக்கும் செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டை மாட்டி, வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

“டீச்சர், இன்டைக்கு எல்லாரும் விழ வேணும்,” என்றார் தமிழில். “விழுந்து, மேல வந்து, தோணிய பிடிக்க வேணும். விழாத ஆள நான் கூட்டிக்கொண்டு போக மாட்டன்.”

“முதல்ல யாரு?” என்றார் டேவிட் சேர்.

செல்வராணி குடையை மடக்கினார். “டீச்சர்தான்.”

நான் முன் இருக்கையில் உட்கார்ந்தேன். “சேர், நான் டீச்சரோட போறேனே,” என்று தர்ஷினி பின்னால் ஏறினாள். அவள் தாய் ஒரு அடி முன்னால் வந்து, நின்றார்.

நுவன் தள்ளிவிட்டார். அடியில் மணல் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. சத்தம் நின்ற அந்த இடத்தை என்னால் இப்போதும் உணர முடிகிறது. ஒன்றும் தாங்காமல் தாங்கப்படுவது. தண்ணீர் நான் நினைத்ததைவிட மௌனமாக இருந்தது. அதில் மேகங்கள் இருந்தன. மேகங்களின்மேல் துடுப்பை வைத்தேன்.

கரையோரமாகவே போனோம். எங்கள் வலப்பக்கம் தேயிலை மலை செங்குத்தாக எழுந்தது. இடப்பக்கம் வெட்டவெளி, அக்கரை வரை தண்ணீர். “நல்லா போறோம் டீச்சர்,” என்றாள் தர்ஷினி மெதுவாக. நன்றாகத்தான் போனோம். ஒரு சின்ன அலை வந்தது. தோணி கொஞ்சம் ஆடியது.

அவ்வளவுதான். என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. மலைப் பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் அவளும் அதே பக்கம் சாய்ந்தாள். தோணி எங்களை மரியாதையாக இறக்கி வைத்தது.

உள்ளே பச்சையும் பழுப்புமாக இருந்தது, பால் விடாத பிளேன்டீயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்ததுபோல. என் கை எனக்கு முன்னால் நீண்டிருந்தது. வேறு யாருடையதோ போல அழகாக இருந்தது. கீழே குனிந்து பார்த்தேன் என்று நினைக்கிறேன். பாதை எதுவும் இல்லை. வெளிச்சம் கீழே போகப் போக மெலிந்து, எங்கோ தூங்கிப்போயிருந்தது. கால் எதையும் தொடவில்லை. அதைக் கவனித்து, பயப்படலாம் என்று நான் முடிவு செய்வதற்குள், சட்டை என்னை அக்குளில் பிடித்துத் தூக்கியது.

மேலே வந்து மல்லாந்து கிடந்தேன். வானம் இருந்தது. காதுக்குள் தண்ணீர் இருந்தது. யாரோ கூப்பிடுவது தூரத்து லயத்து ரேடியோபோலக் கேட்டது. நான் மிதந்துகொண்டிருந்தேன். எதையும் செய்யாமல், எதையும் பிடிக்காமல். எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும், தெரியவில்லை.

“டீச்சர்,” என்றது பக்கத்தில் ஒரு குரல். தர்ஷினி. தலைமுடி முகத்தில் ஒட்டிக் கிடந்தது. ஒரு கையால் கவிழ்ந்த தோணியைப் பிடித்திருந்தாள். பல் தந்தியடித்தது. ஆனாலும் சிரித்தாள். “மேல சுடுது. கீழ குளிரு.”

ஆமாம். மேல் அரையடி இளஞ்சூடு. அதற்குக் கீழே மலைக் குளிர். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடுபோட்டதுபோல இருந்தது. இனி அந்தப் படத்தைக் கீறும்போது அதையும் சொல்லலாம்.

நுவன் எங்களைக் கரைக்கு இழுத்து வந்தார். அடுத்தடுத்து எல்லாத் தோணிகளும் போயின, எல்லாம் கவிழ்ந்தன. கடைசித் தோணியும் கவிழ்ந்தபோது நுவன் இடுப்பில் கை வைத்து நின்றார். இத்தனை வருடத்தில் இப்படிப் பார்த்ததில்லை, மற்றவர்கள் எந்தப் பக்கமும் விழுவார்கள், நீங்கள் எல்லாரும் ஏன் ஒரே பக்கம் விழுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

கிஷோர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: “அந்தப் பக்கம் பள்ளம்ல டீச்சர்.”

வேறு விளக்கம் தேவையில்லை. ஓரடிப் பாதையில் ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக நடந்து வளர்ந்தவர்கள் நாங்கள். முதுகில் கூடையோடு கால் இடறினால் மலைமேல் சாயவேண்டும்; மலை பிடித்துக்கொள்ளும். நடக்கப் பழகும்போதே உடம்பு அதைப் படித்துவிடுகிறது. தண்ணீரில் பிடித்துக்கொள்ள மலை இல்லை என்பதை உடம்புக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பின்னேரம் வரை அதைத்தான் சொல்லிக் கொடுத்தோம். நடுவில் இரு. நடுவில் இரு. மறுபடி மறுபடி நனைந்து, கடைசியில் ஐந்து தோணிகளும் ஒரு சுற்று நனையாமல் வந்து சேர்ந்தன.

செல்வராணி நாள் முழுவதும் ஒரே கல்லில் உட்கார்ந்திருந்தார். என் தோளில் துவாயைப் போட்டுவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் மெலிந்த ஆள் இல்லை.

“டீச்சரே மெதக்குறாங்கன்னா, எம்புள்ளைக்கு என்ன?”

பிள்ளைகள் சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்த பிறகு சிரித்தார்கள்.

“பயந்தீங்களா டீச்சர்?” என்று கேட்டார், தணிந்த குரலில்.

“விழுற வரைக்கும்.”

அவர் தலையாட்டினார். பஸ் வந்தது. வளைவுகளில் ஏறி, பனிக்குள் நுழைந்து, ஈரத் துணி வாசத்தோடு எல்லாரும் அரைத் தூக்கத்தில் இருந்தபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “வெள்ளிக்கெழம மொத பஸ்ஸா, ரெண்டாவதா? ரொட்டி சுடணும்ல.”

திங்கட்கிழமைப் பெரட்டு

மறுநாள் விடியலில், பள்ளிக்குப் போகும் குறுக்குவழியில், பெரட்டுக்களத்துக்கு மேலே நின்றேன். சனிக்கிழமை பின்னேரப் பயிற்சிக்காக டேவிட் சேர் கோடுகளைப் புதிதாகத் தூவியிருந்தார்; அதன் பிறகு மழை இல்லை. சுண்ணாம்புக் கோடுகள் அப்படியே இருந்தன. கீழே பனி இறங்கியிருந்தது. பெண்கள் கூடையும் குளிருக்குப் போர்த்திய கொங்காணியுமாக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

வாசலில் போட்ட கோலத்தை மிதிக்காமல் விலகிப் போவதுபோல, அவர்கள் தோணிகளைச் சுற்றி நடந்தார்கள். எப்போதும் நேராக நிற்கும் வரிசை அன்று தோணிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நின்றது. கங்காணி அதைப் பார்த்தார். பேர் கூப்பிடத் தொடங்கினார்.

செல்வராணி கடைசியாக வந்தார். வரிசையின் வால் வரை நடந்து, ஐந்தாவது தோணிக்குப் பக்கத்தில் நின்றார். சுற்றும் பார்த்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, கோட்டை மிதிக்காமல் ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு மற்றக் காலை.

முன் இருக்கையில் நின்றார். கீழிருந்து காற்று ஏறி, பனி அவர் முழங்காலைச் சுற்றி நகரத் தொடங்கியது. அவர் பேர் வந்தபோது “இருக்கேன்” என்றார், எந்தப் பக்கமும் சாயாமல்.